ஃப்ளூயன்ட்ல ஜெனரேட் ஆன ரிப்போர்ட்டை எங்க பாக்குறது, எந்த நம்பரை நம்புறது?

சுழல்88:

எல்லாருக்கும் வணக்கம். ஃப்ளூயன்ட்ங்கற ஓட்ட சிமுலேஷன் சாஃப்ட்வேர்ல வேற ஒரு டீம் ஓட்டி முடிச்ச கேஸ் ஃபைலும் (செட்டப்) டேட்டா ஃபைலும் (ரிசல்ட்) ரிவ்யூ பண்ணச் சொல்லி என்கிட்ட வந்திருக்கு. அஹ்மத் பாடி (கார் மாதிரி எளிமையாக்கின டெஸ்ட் வடிவம்), பின்பக்கச் சரிவு 25 டிகிரி, காத்து வேகம் 40 மீ/வி, நடுவுல சிமெட்ரி போட்டு பாதி மாடல் மட்டும் ஓட்டியிருக்காங்க. கூடவே சிமுலேஷன் ரிப்போர்ட்டையும் பிடிஎஃப்-ஆ அனுப்பிருக்காங்க, டேபிள், கலர் படம் எல்லாம் நல்லா நீட்டா இருக்கு. ஆனா டிராக் கோஎஃபிஷியன்ட்னு (காத்தோட எதிர்ப்பைக் காட்டுற எண்) பாத்தா 25.98னு போட்டிருக்கு! இந்தப் பாடிக்கு 0.3க்குக் கொஞ்சம் கீழதான வரணும்.

சரி நாமளே திறந்து பாத்துடலாம்னு ஃப்ளூயன்ட்ல போனா ரிப்போர்ட்ங்கற பேர்லயே ஏகப்பட்டது இருக்கு. ரிப்போர்ட் டெஃபினிஷன், ரிப்போர்ட் ஃபைல், ரிப்போர்ட் பிளாட், ரிசல்ட்ஸ்க்குக் கீழ தனியா ரிப்போர்ட்ஸ், அதுபோக சிமுலேஷன் ரிப்போர்ட். எது எதுக்கு, எதை முதல்ல பாக்கணும்னு தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்களேன்.

மெஷ்மணி:

இந்தப் பேர்க் குழப்பம் எல்லாருக்கும் வர்றதுதாங்க, பிரிச்சுப் பாத்தா சுலபம்.

ரிப்போர்ட் டெஃபினிஷன்ங்கறது எதை அளக்கணும்னு நீங்க சொல்லி வைக்கிறது, டிராக், லிஃப்ட், ஒரு முகத்துல சராசரி பிரஷர் இந்த மாதிரி. அந்த அளவு ஒவ்வொரு இடரேஷனுக்கும் (கணக்கோட ஒவ்வொரு சுற்றுக்கும்) டிஸ்க்ல எழுதப்பட்டா அது ரிப்போர்ட் ஃபைல், அவுட்னு முடியிற சாதா டெக்ஸ்ட் ஃபைல்தான், நோட்பேட்லயே திறக்கும். அதையே திரையில கோடா வரைஞ்சா ரிப்போர்ட் பிளாட். ரிசல்ட்ஸ்க்குக் கீழ இருக்கிற ரிப்போர்ட்ஸ்ல ஃப்ளக்ஸ், ஃபோர்ஸ், சர்ஃபேஸ் இன்டக்ரல், புரொஜெக்டட் ஏரியா எல்லாம் இருக்கும், அது இப்போ மெமரியில இருக்கிற சொல்யூஷன்ல இருந்து அப்பவே கணக்குப் போட்டு கன்சோல்ல காட்டும். சிமுலேஷன் ரிப்போர்ட்ங்கறது இது எல்லாத்தையும் சேத்து மெஷ் (கணக்குக்காகப் பிரிச்ச சின்னச் சின்னக் கட்டம்) தரம், மாடல், மெட்டீரியல், பவுண்டரி கண்டிஷன், ரெசிடியுவல் (சமன்பாட்டுல இன்னும் மிச்சமிருக்கிற பிழை) பிளாட், நீங்க உருவாக்கி வச்ச கான்டூர் (கலர் படம்) வரைக்கும் ஒரே டாக்குமென்ட்டா கட்டித் தர்றது. ஜெனரேட் ஆனதும் ஃப்ளூயன்ட் ஜன்னல்லயே பாக்கலாம், எச்டிஎம்எல், பிடிஎஃப், பவர்பாயின்ட்னு எந்த வடிவத்துல வேணும்னாலும் எடுத்துக்கலாம், பேர் மாத்தி பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக்கலாம்.

ஒரு விஷயம் மட்டும் நல்லா மனசுல வச்சுக்கங்க. ஜெனரேட் பண்ண அந்த நொடியில என்ன இருந்துச்சோ அதுதான் அதுல இருக்கும். அதுக்கப்புறம் இன்னும் 500 இடரேஷன் ஓட்டினாலும் ரிப்போர்ட் தானா மாறாது, திரும்ப ஜெனரேட் பண்ணணும். ரிவ்யூக்கு வர்ற பிடிஎஃப்பும் கூட வர்ற டேட்டா ஃபைலும் ஒரே இடரேஷன்ல எடுத்ததுதானான்னு ரன் இன்ஃபர்மேஷன் பகுதியில பாத்துக்கங்க, வேற வேறயா இருந்தா மீதியை ஒப்பிடுறதே வீண் வேலை.

எதிர்வேகம்:

25.98 எங்கிருந்து வந்துச்சுன்னு நான் சொல்லட்டுமா. அதே ரிப்போர்ட்ல ரெஃபரன்ஸ் வேல்யூஸ்னு ஒரு சின்ன டேபிள் இருக்கும், எல்லாரும் அதைத் தாண்டிப் போய் படத்தைப் பாப்பாங்க. அதுல ஏரியா 1, வெலாசிட்டி 1, டென்சிட்டி 1.225னு இருக்கான்னு பாருங்க. அதுதான் டீஃபால்ட்.

ஃபோர்ஸ்ஸ அரை டென்சிட்டி, வேகத்தோட வர்க்கம், ஏரியா இந்த மூணோட பெருக்கத்தால வகுத்தாதான் கோஎஃபிஷியன்ட். டீஃபால்ட்டை அப்படியே விட்டா 0.6125ஆல வகுக்கும், அவ்ளோதான். உங்க கேஸ்ல வேகம் 40, வர்க்கம் 1600. அஹ்மத் பாடி அகலம் 389 மிமீ, உயரம் 288 மிமீ, அதனால முன்பக்கப் பரப்பு 0.112 சதுர மீட்டர், பாதி மாடலுக்கு 0.056. 1600ஐ 0.056ஆல பெருக்கினா 89.6. உங்க 25.98ஐ 89.6ஆல வகுத்துப் பாருங்க, 0.29 வரும்.

பாதி மாடல்ல முழு ஏரியாவைப் போட்டா என்னாகும் தெரியுமா? 0.145னு வரும். 25.98னு பாத்தா யாருக்கும் சந்தேகம் வந்துடும், ஆனா 0.145 பாக்க நம்பற மாதிரியே இருக்கும், அதனாலதான் இது ரொம்ப ஆபத்து. யாராவது "நம்ம டிசைன்ல டிராக் பாதியாக் குறைஞ்சுடுச்சு"ன்னு மீட்டிங்ல எழுந்து சொல்லிடுவாங்க. அதனால நான் எந்த ரிப்போர்ட்டைத் திறந்தாலும் கோஎஃபிஷியன்ட்டைத் தொடறதுக்கு முன்னாடி நியூட்டன்ல ஃபோர்ஸ் எவ்ளோன்னுதான் பாப்பேன், ஃபோர்ஸுக்கு ரெஃபரன்ஸ் வேல்யூ தேவையே இல்ல.

சுழல்88:

ரொம்ப நன்றிங்க, நீங்க சொன்ன அதே டேபிள்தான், ஏரியா 1, வெலாசிட்டி 1, டென்சிட்டி 1.225. ஃபோர்ஸ் ரிப்போர்ட்ல எடுத்துப் பாத்தேன், 15.9 நியூட்டன், கணக்கு சரியா வருது.

ஆனா இன்னொரு சந்தேகம். ஏரியாவைக் கையால போடுறதுக்குப் பதிலா புரொஜெக்டட் ஏரியால எடுத்துப் பாத்தேன், அது 0.0575னு சொல்லுது, 0.056 இல்ல. எதை எடுக்கட்டும்?

எதிர்வேகம்:

பாடிக்குக் கீழ கால் இருக்குல்ல, அதையும் சேத்து செலக்ட் பண்ணியிருப்பீங்க. கால் ஒவ்வொண்ணும் 30 மிமீ விட்டம், தரையில இருந்து பாடி வரைக்கும் 50 மிமீ. பாதி மாடல்ல ரெண்டு கால் இருக்கும், ஆனா ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு நிக்கிறதால முன்னால இருந்து பாத்தா ஒண்ணாத்தான் தெரியும். 0.03ஐ 0.05ஆல பெருக்கினா 0.0015, அதான் அந்த வித்தியாசம்.

0.0575 போட்டா 0.282, 0.056 போட்டா 0.29. ரெண்டுமே தப்பில்ல, நீங்க எந்த அளவீட்டோட ஒப்பிடுறீங்களோ அவங்க எந்த ஏரியாவை எடுத்தாங்களோ அதையே எடுக்கணும், எடுத்ததை ரிப்போர்ட்ல ஒரு வரி எழுதியும் வைக்கணும். 1984ல அஹ்மத் குழு வெளியிட்டது 60 மீ/வி வேகத்துல, 25 டிகிரிக்கு 0.285ன்னு எல்லாரும் மேற்கோள் காட்டுறது அதைத்தான். உங்க ரன் 40 மீ/வி, அதையும் கணக்குல வச்சுக்கங்க.

இன்னொண்ணு, நம்பர் பக்கத்துல வந்துடுச்சுன்னு மட்டும் ஓகே போட்டுறாதீங்க. 25 டிகிரி சரிவுதான் இந்தப் பாடியிலயே கஷ்டமான இடம், அங்க காத்து பிரிஞ்சு திரும்ப ஒட்டணும். ஸ்டெடி ரான்ஸ் மாடல்கள் (சராசரி ஓட்டத்தை மட்டும் கணக்குப் போடுறது) இதுல தடுமாறும், அதுல ஒண்ணான கே-ஒமேகா எஸ்எஸ்டி பல சமயம் முழுசாப் பிரிஞ்ச மாதிரி காட்டும். சரிவுல ஓட்டம் தப்பா இருந்தும் மொத்த டிராக் அதிர்ஷ்டத்துல பொருந்திப் போறது உண்டு. அந்தச் சரிவு மேல வால் ஷியர் (சுவர் மேல காத்தோட உராய்வு) கான்டூர் ரிப்போர்ட்ல இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா உருவாக்கித் தரச் சொல்லிக் கேளுங்க. ரிவ்யூ பண்றவர் கேக்க வேண்டிய படம் அதுதான்.

குழாய்வழி:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், இதே விஷயத்துல எனக்கும் ஒரு கேள்வி. நான் பாக்குறது வால்வ் பிரஷர் டிராப். சர்ஃபேஸ் இன்டக்ரல்ல ஏரியா வெயிட்டட் ஆவரேஜ் ஒரு நம்பர் தருது, மாஸ் வெயிட்டட் ஆவரேஜ் வேற நம்பர் தருது, அவுட்லெட்ல வித்தியாசம் கொஞ்ச நஞ்சமில்ல. ரிப்போர்ட்ல எதை வைக்கணும்? எங்க டீம்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

நீரோட்டம்:

இதுக்குக் கொஞ்சம் நீளமா சொல்றேன் தம்பி, ஏன்னா இது பட்டனைத் தேர்ந்தெடுக்கிற விஷயம் இல்ல, இயற்பியல்.

அவுட்லெட் முகத்தை ரெண்டு சம பாதியா நினைச்சுக்கங்க. ஒரு பாதியில காத்து 10 மீ/வில போகுது, இன்னொரு பாதியில வால்வுக்குப் பின்னாடி மந்தமாகி 2 மீ/வில போகுது. ஸ்டாட்டிக் பிரஷர் முகம் முழுக்க சுழியம்னு வச்சுப்போம், டென்சிட்டி 1.2. அப்போ டோட்டல் பிரஷர் (ஸ்டாட்டிக்கோட வேகத்தால வர்றதும் சேந்தது) வேகமான பாதியில 60 பாஸ்கல், மந்தமான பாதியில 2.4 பாஸ்கல். ஏரியா சராசரி எடுத்தா 31.2. மாஸ் சராசரி எடுத்தா 50.4. ஒரே முகம், ஒரே சொல்யூஷன், நம்பர் மட்டும் இவ்ளோ தூரம் தள்ளி நிக்குது.

எது சரி? டோட்டல் பிரஷர் இழப்புன்னா அந்த முகம் வழியா ஓட்டம் எவ்ளோ ஆற்றலைத் தூக்கிட்டுப் போகுதுங்கறதுதான் கேள்வி, அதைத் தூக்கிட்டுப் போறது மாஸ், அதனால மாஸ் வெயிட்டட்தான். ஏரியா சராசரி மந்தமான மூலைக்கும் ஓட்டத்தோட நடுவுக்கும் ஒரே மரியாதை கொடுக்குது, இழப்பை அதிகமாக் காட்டிடும். ஸ்டாட்டிக் பிரஷர்னா, குறிப்பா சுவர்ல குழாய் போட்டு அளந்த டெஸ்ட்டோட ஒப்பிடணும்னா, ஏரியா சராசரி போதும், இன்னும் சரியா வேணும்னா டெஸ்ட்ல அளந்த அதே இடத்துல ஒரு பாயின்ட் வச்சு எடுங்க.

அதோட அவுட்லெட்ல ரிவர்ஸ் ஃப்ளோ இருக்குன்னு கன்சோல்ல எச்சரிக்கை வந்துட்டே இருந்தா எந்தச் சராசரியும் நம்ப முடியாது, டொமைனை (கணக்குப் போடுற இடத்தை) நீட்டிட்டு ஓட்டணும். அந்த எச்சரிக்கை அழகான பிடிஎஃப்ல கண்ணுல படுற மாதிரி வராதுங்கறதுதான் என் பெரிய ஆதங்கம். ரிப்போர்ட் அனுப்பினா கன்சோல் டிரான்ஸ்கிரிப்ட்டையும் சேத்து அனுப்பச் சொல்லுங்க, நான் எல்லார்கிட்டயும் கேக்குறது இது.

பிரஷர் நம்பர் எல்லாம் கேஜ் (ஆபரேட்டிங் பிரஷரைக் கழிச்சது), ஆபரேட்டிங் பிரஷர் தனியா 101325 பாஸ்கல்னு இருக்கும், ஆப்சல்யூட்டோட கலந்துடாதீங்க.

குழாய்வழி:

அருமைங்க ஐயா. அந்த 31.2க்கும் 50.4க்கும் உள்ள வித்தியாசத்தைப் பாத்ததும் விளங்கிடுச்சு. டீம்ல இதையே காட்டுறேன்.

திறமூலம்:

ஓப்பன்ஃபோம்ங்கற திறமூல சாஃப்ட்வேர் ஆட்களும் இந்த இழையைப் படிப்பாங்கன்னு சேத்துச் சொல்றேன். அங்க ரிப்போர்ட்னு கட்டித் தர்ற ஒண்ணு கிடையாது, கன்ட்ரோல்டிக்ட்ங்கற செட்டிங் ஃபைல்ல ஃபங்ஷன் ஆப்ஜெக்ட் (எதை அளக்கணும்னு சொல்றது) போட்டு வச்சா கேஸ் ஃபோல்டர்ல போஸ்ட்பிராசஸிங்னு ஒரு ஃபோல்டர் வரும், அதுக்குள்ள ஃபங்ஷன் பேர்ல ஒண்ணு, அதுக்குள்ள ஓட்டம் ஆரம்பிச்ச நேரத்தோட பேர்ல ஒண்ணு. நிறைய பேர் தடுக்கி விழுற இடம் இதுதான்: ரன்னை நிறுத்திட்டு 1000லருந்து தொடர்ந்தா பழைய ஃபைல்ல சேராது, 1000னு புது ஃபோல்டர் போட்டு அங்கருந்து எழுதும், 0க்குள்ள மட்டும் பாத்துட்டு பாதி வரலாறோட முடிவு சொல்றவங்க உண்டு. ரெண்டையும் ஒட்டிப் பாக்கணும்.

நல்லது என்னன்னா ஃபோர்ஸ் கோஎஃபிஷியன்ட் ஃபைல் தலைப்புலயே எந்த வேகம், எந்த நீளம், எந்த ஏரியாவால வகுத்துச்சுன்னு கமென்ட் வரியா எழுதியிருக்கும். எதிர்வேகம் சொன்ன சிக்கலை ஃபைலைத் திறந்த உடனே பிடிச்சிடலாம். ரெசிடியுவலுக்கு லாக் ஃபைல் மேல ஃபோம்லாக் ஓட்டினா ஒவ்வொரு வேரியபிளுக்கும் தனித்தனி ஃபைல் கிடைக்கும்.

நட்சத்திரமுகம்:

ஸ்டார் சிசிஎம் பிளஸ்ங்கற இன்னொரு சாஃப்ட்வேர்ல ரிப்போர்ட்னா அந்த நிமிஷத்து மதிப்பு மட்டும்தான், ரன் ரிப்போர்ட் கொடுத்தா அவுட்புட் ஜன்னல்ல வரும். வரலாறு வேணும்னா அந்த ரிப்போர்ட்ல இருந்து மானிட்டரும் பிளாட்டும் உருவாக்கணும். மானிட்டர் உருவாக்கின பிறகு வர்ற இடரேஷன் மட்டும்தான் பதிவாகும், அதனால ஓட ஆரம்பிக்கும் முன்னாடியே உருவாக்கிடுங்க. மொத்த செட்டப்பையும் பாக்கணும்னா ஃபைல் மெனுவுல சம்மரி ரிப்போர்ட்னு இருக்கு, எச்டிஎம்எல்-ஆ வரும், பிரவுசர்ல திறந்து தேடிக்கலாம்.

சுழல்88:

எல்லாருக்கும் நன்றி, இன்னும் ரெண்டு விஷயம் மட்டும். முதல்ல, ரிப்போர்ட்ல கன்வெர்ஜ்டுன்னு இருக்கு, ரெசிடியுவல் எல்லாம் 0.001க்குக் கீழ போயிடுச்சு. ஆனா ரிப்போர்ட் பிளாட்ல டிராக் கோடு நேரா இல்ல, அலை மாதிரி மேலயும் கீழயும் போய்ட்டே இருக்கு. ரெண்டாவது, எச்டிஎம்எல் வெர்ஷனை மெயில்ல அனுப்பினாங்க, திறந்தா டேபிள் வருது, படம் எல்லாம் உடைஞ்ச ஐகானா தெரியுது.

மெஷ்மணி:

ரெண்டாவதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். எச்டிஎம்எல் ஃபைல் தனியா வந்தா அப்படித்தான், படங்கள் பக்கத்துல ஒரு ஃபோல்டர்ல இருக்கும், ரெண்டையும் சேத்து ஜிப் பண்ணி அனுப்பச் சொல்லுங்க, அன்ஜிப் பண்ணிட்டுத் திறங்க. ஜிப்புக்குள்ளயே இருந்து டபுள் கிளிக் பண்ணாலும் படம் வராது. சிஎஃப்டி-போஸ்ட்ல (ரிசல்ட் பாக்குற தனி சாஃப்ட்வேர்) இருந்து பப்ளிஷ் பண்றவங்களும் இதைக் கவனிக்கணும், அங்க ரிப்போர்ட் வியூவர்ல ரிஃப்ரெஷ் கொடுக்காம பப்ளிஷ் பண்ணா முன்னாடி பாத்த பிரிவியூவுக்கும் வெளியில வர்றதுக்கும் குழப்பம் வரும். கிளஸ்டர்ல கிராஃபிக்ஸே இல்லாம ஓட்டினா படமே உருவாகாம வெறும் டேபிளோட ரிப்போர்ட் வர வாய்ப்பிருக்கு, அப்ப டேட்டா ஃபைலை டெஸ்க்டாப்ல திறந்து திரும்ப ஜெனரேட் பண்ணணும்.

முதல் கேள்வி ரொம்ப முக்கியம். 0.001ங்கறது ஃப்ளூயன்ட்டோட டீஃபால்ட் வரம்பு, எனர்ஜிக்கு மட்டும் 0.000001. அதைத் தொட்டதும் நின்னுடும், பதில் நிலையாயிடுச்சான்னு அது பாக்கல. அலை அடிக்கிற கோட்டுல சிமுலேஷன் ரிப்போர்ட் எடுக்கிறது கடைசி இடரேஷன் எங்க நின்னுச்சோ அந்த ஒரு புள்ளியை. அலையோட உச்சியில நின்னிருந்தா ஒரு நம்பர், அடியில நின்னிருந்தா வேற நம்பர். ரிப்போர்ட் டெஃபினிஷன்ல எத்தனை இடரேஷனுக்கு சராசரி எடுக்கணும்னு ஒரு பெட்டி இருக்கும், டீஃபால்ட் 1. ஒரு அலை எத்தனை இடரேஷன் நீளம்னு பிளாட்ல பாத்து, பல அலை அடங்குற மாதிரி அதை ஏத்தணும். சராசரியோட சேத்து அலையோட உயரத்தையும் எழுதச் சொல்லுங்க. 0.29ன்னு மட்டும் எழுதினா ஒரு அர்த்தம், 0.29 கூடக் குறைய 0.01னு எழுதினா வேற அர்த்தம். நாளைக்கு வேற ஷேப்ல 0.285 வந்தா குறைஞ்சதா இல்லையான்னு இதை வச்சுத்தான் சொல்ல முடியும்.

நீரோட்டம்:

மெஷ்மணி சொன்னதோட ஒண்ணு சேக்குறேன். ஃப்ளக்ஸ் ரிப்போர்ட்ல எல்லா இன்லெட், அவுட்லெட்டையும் செலக்ட் பண்ணி மாஸ் ஃப்ளோ ரேட் எடுங்க, கீழ நெட்னு வர்றது டொமைன்ல பாயிற மிகச் சின்ன ஃப்ளக்ஸ்ல 1 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும். ரெசிடியுவல் ஸ்கேலிங் ஆனது, ஏமாத்தலாம், கிலோகிராம் கணக்கு ஏமாத்தாது. ஆனா அலை அடிக்கிற கேஸ்ல நெட் சரியா இருந்தும் டிராக் ஆடலாம், அது உண்மையிலயே பின்னாடி சுழல் உதிர்றதோட அறிகுறியா இருக்கும், அப்ப ஸ்டெடி விட்டுட்டு டிரான்சியன்ட் (நேரத்தோட மாறுற கணக்கு) போறதைப் பத்தி அந்த டீம்கிட்ட பேசணும்.

கோட்டுப்படம்:

படத்தைப் பத்தி யாரும் சொல்லலியே. ரெண்டு ரிப்போர்ட்டை ஒப்பிடறப்ப கான்டூர் கலர் ரேஞ்சை ஆட்டோல விட்டுடாதீங்க, ஒரு படத்துல சிவப்பு 900 பாஸ்கல், இன்னொண்ணுல சிவப்பு 1400 பாஸ்கல்னு இருக்கும், கண்ணு ரெண்டையும் ஒண்ணுன்னே சொல்லும். ரேஞ்சைக் கையால ஒண்ணா வச்சுட்டு ரெண்டையும் திரும்ப ஜெனரேட் பண்ணணும்.

அப்புறம் கான்டூர்ல தெரியிற மேக்ஸிமமும் சர்ஃபேஸ் இன்டக்ரல் டேபிள்ல இருக்கிற மேக்ஸிமமும் பொருந்தலைன்னா பதறாதீங்க. கான்டூர் வழக்கமா நோடுக்கு (மெஷ்ஷோட மூலைப்புள்ளிக்கு) இன்டர்போலேட் பண்ண மதிப்பைக் காட்டும், டேபிள்ல ஃபேசட் மேக்ஸிமம் எடுத்திருந்தா அது முகத்தோட மதிப்பு. வெர்டெக்ஸ் மேக்ஸிமம் எடுத்தா கான்டூரோட ஒத்துப் போகும். இந்த ரெண்டும் ரொம்ப தூரம் தள்ளி இருந்தா அந்த இடத்துல மெஷ் போதலைன்னு அர்த்தம், அதுவே ஒரு நல்ல தகவல். ஒய் பிளஸ்ஸையும் (சுவரை ஒட்டின மெஷ் எவ்ளோ நெருக்கம்னு காட்டுற எண்) சராசரியா மட்டும் பாக்காம சுவர் மேல கான்டூரா பாருங்க, சராசரி 1னு இருந்து முன் மூக்குலயும் கால்லயும் 8, 10னு ஏறி நிக்கிற கேஸ் எவ்ளோ வேணும்னாலும் இருக்கும்.

சுழல்88:

இப்ப ரெஃபரன்ஸ் வேல்யூவை 40, 0.056னு மாத்திட்டு சராசரியையும் ஏத்தி இன்னும் கொஞ்சம் ஓட்டச் சொல்லி அந்த டீமுக்கு எழுதப் போறேன். இதை மாத்தினா பழைய ரன் வீணாயிடுமா, முதல்லருந்து ஓட்டணுமா?

எதிர்வேகம்:

வேண்டவே வேண்டாம். ரெஃபரன்ஸ் வேல்யூ சொல்யூஷனைத் தொடாது, அறிக்கைக் கணக்குக்கு மட்டும்தான், பவுண்டரியில இருக்கிற 40 மீ/விக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. மாத்தின உடனே ஃபோர்ஸ் ரிப்போர்ட்டும் புது சிமுலேஷன் ரிப்போர்ட்டும் சரியான நம்பரைக் காட்டும்.

ஆனா ரிப்போர்ட் ஃபைல்ல ஏற்கனவே எழுதின வரிகள் பழைய கணக்குலயே நிக்கும், பிளாட்ல 26லருந்து 0.29க்கு செங்குத்தா ஒரு வீழ்ச்சி தெரியும். அதைப் பாத்துட்டு ஏதோ சொல்யூஷன் மாறிடுச்சுன்னு யாரும் நினைக்கக் கூடாதுன்னா, பழைய ஃபைலைத் தனியா எடுத்து வச்சுட்டு புதுப் பேர்ல எழுத ஆரம்பிக்கச் சொல்லுங்க, பழைய நம்பர் வரிசையை எக்ஸெல்ல 89.6ஆல வகுத்து ரெண்டையும் ஒட்டினா முழு வரலாறும் ஒரே கோடா வந்துடும்.

சுழல்88:

புரிஞ்சுது. புது பேர், 89.6, வால் ஷியர் கான்டூர், டிரான்ஸ்கிரிப்ட், படத்தோட ஜிப், இதெல்லாம் கேட்டு இப்பவே மெயில் போடுறேன். சரிவு மேல ஓட்டம் ஒட்டுதா பிரியுதான்னு கான்டூர் வந்ததும் இதே இழையில சொல்றேன்.